பரளச்சிக் கண்மாய்க்கரை வேட்டு

எனக்கு மூக்கு நீளம், வாய் அதைவிட நீளம் என்று என் அம்மா சொல்லிக்கொண்டே இருப்பார். இரண்டும் உண்மைதான். வாயைப் பற்றி நான் பெருமைப்பட்டதில்லை. மூக்கைப் பற்றிய பெருமையைக் கேட்க ஆள் கிடைத்தால் இந்த வயதிலும் விடமாட்டேன். யுத்த காலத்தில், பெட்ரோலுக்குக் கூப்பன் கொடுத்து அளந்து ஊற்றிய நாட்களில், இறக்கத்தில் உருண்டு போகிற கார் எப்படித் திருட்டுத்தனமாகப் பெட்ரோல் குடிக்கிறது என்று எங்கள் ஊரில் கண்டுபிடித்தது எஞ்சினீயரும் இல்லை, மெக்கானிக்கும் இல்லை. அருப்புக்கோட்டை மிஷன் ஆஸ்பத்திரியில் இருபத்துமூன்று வயது நர்ஸாக இருந்த நான்தான்.

ஆஸ்பத்திரிக்கு அப்போது ஒரு கார் இருந்தது. பழைய கார். பெட்ரோல் டாங்கி முன்பக்கக் கண்ணாடிக்குக் கீழேயே இருக்கும். அங்கிருந்து ஒரு குழாய் வழியாகப் பெட்ரோல் தானாகவே எஞ்சினுக்கு இறங்கும். பாட்டரியில் உயிர் கொஞ்சம்தான் மிச்சம். எஞ்சினைக் கிளப்ப வேண்டுமென்றால் முன்னால் போய் நின்று இரும்பு ஹாண்டிலைச் செருகிச் சுற்ற வேண்டும். புதுப் பாட்டரி கேட்டால் யுத்தம் முடியட்டும் என்பார்கள். எதைக் கேட்டாலும் அப்போது அந்தப் பதில்தான்.

புதன்கிழமைதோறும் அந்தக் காரில் மூன்று பேர் கிளம்புவோம். டாக்டரம்மா, நான், டிரைவர். டாக்டரம்மா திருநெல்வேலிச் சீமைக்காரர். அளந்து பேசுவார், பாராட்டிப் பேசி ஒருவரும் கேட்டதில்லை. டிரைவர் நாற்பது வயது மனிதர். முன்பு பந்தல்குடி ரோட்டில் பஸ் ஓட்டியவர். அதை ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது சொல்லாமல் இருக்க மாட்டார். நான் அவரை அண்ணாச்சி என்பேன். அவர் என்னை நர்சம்மா என்பார். மரியாதைக்கு ஒன்றும் குறைவில்லை, ஆனால் ஒருவரை ஒருவர் வாயால் கிள்ளாத நாள் கிடையாது.

திருச்சுழி, அடுத்து ரெட்டியபட்டி, கடைசியில் பரளச்சி. ஒவ்வோர் ஊரிலும் சாவடியில் பெட்டியை இறக்கி, வருகிறவர்களைப் பார்த்து, மருந்து கொடுத்துவிட்டுச் சாயங்காலத்துக்குள் திரும்புவோம். எங்கள் பக்கம் மலையா இருக்கிறது, இறக்கத்துக்கு? கண்ணுக்கெட்டின மட்டும் கரிசல்தான். இருந்தாலும் ரோடு கண்மாய்க்கரைமேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கும். ஓடைப் பள்ளங்கள் உண்டு. ரெட்டியபட்டி தாண்டிச் செம்மண் பூமியாக ஒரு செவக்காட்டு மேடு உண்டு. வண்டியில் போகிறவனுக்குத் தெரியும் எங்கே மாடு மூச்சு வாங்கும், எங்கே தானாக ஓடும் என்று. கார் ஓட்டுகிறவருக்கும் அது தெரிந்திருந்தது.

மேட்டு உச்சிக்கு வந்ததும் அண்ணாச்சி சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிடுவார். கியரை எடுக்க மாட்டார். கியர் இல்லாத கார் மூக்கணாங்கயிறு இல்லாத காளை என்பது அவர் கட்சி. கார் புர்ர்ரென்று அடங்கிய சத்தத்தோடு இறங்கும். இறக்கம் முடிகிற இடத்தில் சாவியை மறுபடி திருப்புவார். அவ்வளவுதான், பின்னால் சைலன்சருக்குள்ளிருந்து ‘டமார்’ என்று ஒரு வேட்டு. எஞ்சின் கிளம்பிவிடும். ஹாண்டில் போடுகிற வேலையும் மிச்சம்.

இந்த வேட்டு அவருக்குப் பெரிய பெருமை. இறக்கம் முழுவதும் எஞ்சின் செத்துக் கிடக்கிறது, செத்தவன் சாப்பிடுவானா, ஒரு சொட்டுப் பெட்ரோல் செலவாகவில்லை என்பார். ஊர்க்காரர்களுக்கும் அது பிடித்துப்போனது. சாமி புறப்பாட்டுக்கு வேட்டுப் போடுகிற மாதிரி, டாக்டரம்மா வருகிறதற்கு வேட்டு. பருத்திக் காட்டில் குனிந்திருக்கிற பெண்கள் சத்தம் கேட்டதும் மடியை அவிழ்த்து உதறிவிட்டுச் சாவடிக்கு நடையைக் கட்டுவார்கள். கடிகாரம் இல்லாத ஊர்களில் எங்கள் சைலன்சர்தான் கடிகாரம். ஹாரன் இருந்தது, ரப்பர் பந்தை அமுக்கினால் வாத்து கத்துகிற மாதிரி ஒரு சத்தம். அது அடுத்த தெருவுக்குக்கூடக் கேட்காது.

பரளச்சியில் எங்களுக்காகக் காத்திருந்தவர்களில் ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வயதுதான் அவளுக்கும். மூன்று பிள்ளை பெற்று மூன்றையும் பறிகொடுத்தவள். ஒன்று வயிற்றிலேயே போயிற்று, இரண்டு பிறந்த அன்றே. நாலாவதாக உண்டாகி ஏழாம் மாதம். கால் வீங்கியிருந்தது, சிறுநீரைக் காய்ச்சிப் பார்த்தால் வெள்ளையாகத் திரிந்தது. வாரம் தவறாமல் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், ஒரு வாரம் விட்டாலும் ஆபத்து என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரியில் வந்து படுக்கச் சொன்னால், புருஷன் ஒற்றை ஆளாகக் காட்டைப் பார்க்க முடியாது, வலி கண்டதும் வந்துவிடுகிறேன் என்பாள். எல்லோருக்கும் முன்னால் வந்து சாவடித் தூணோரம் உட்கார்ந்திருப்பாள். சிரிக்க மாட்டாள். கையை நீட்டுவாள், பட்டையைச் சுற்றுவேன், டாக்டரம்மா பார்த்துவிட்டு ‘ம்’ என்பார். அந்த ‘ம்’மை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவாள்.

ஒரு திங்கட்கிழமை டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். பெட்ரோல் கூப்பனைக் குறைத்துவிட்டார்கள். மூன்று ஊருக்குக் கட்டாது. அடுத்த மாதத்திலிருந்து பரளச்சி கிடையாது, வேண்டியவர்கள் ரெட்டியபட்டிக்கு வரட்டும் என்றார். எனக்குச் சுருக்கென்றது. நீர் கோத்த காலோடு அவள் எங்கே ரெட்டியபட்டிக்கு நடப்பது? மாட்டு வண்டியில் குலுங்கி வந்தால் வழியிலேயே என்ன ஆகுமோ. டாக்டரம்மாவிடம் அவளைப் பற்றிச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அவ எனக்கு ஞாபகம் இல்லாம இல்ல. பெட்ரோலுக்கு நான் எங்க போவேன்?” என்றார்.

அந்த வாரம் காரில் பின்சீட்டில் மருந்துப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தேன். மனசு சரியில்லை. திருச்சுழி போகிற வழியில் ஒரு நீளமான இறக்கம். அண்ணாச்சி வழக்கம்போல் சாவியைத் திருப்பினார். எஞ்சின் அடங்கியது. அடங்கின கொஞ்ச நேரத்தில் தரைப்பலகை இடுக்கு வழியாகக் குப்பென்று பெட்ரோல் வாடை. எஞ்சின் ஓடும்போது வராத வாடை, அணைத்த பிறகு வருகிறது. இது என்ன கூத்து என்று நினைத்தேன். கீழே வந்ததும் டமார். வாடை போய்விட்டது. அடுத்த இறக்கத்திலும் அதே கதை. மூன்றாவது இறக்கத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. பரளச்சிக்குப் போக வேண்டிய பெட்ரோல் அந்தச் சைலன்சருக்குள் போய் வெடித்துக்கொண்டிருந்தது.

திருச்சுழிச் சாவடியில் இறங்கியதுமே சொல்லிவிட்டேன். அண்ணாச்சி சிரித்தார். ஆஸ்பத்திரியில் ஸ்பிரிட்டை மோந்து மோந்து நர்சம்மாவுக்கு எல்லாம் ஒரே வாடையாகிவிட்டது என்றார். செத்தவன் சாப்பிடுவானா என்று தன் பழைய பாட்டை எடுத்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் கோபம் வந்தால்தான் எனக்குப் புத்தி வேலை செய்யும்.

“செத்தவன் சாப்பிட மாட்டான் அண்ணாச்சி. ஆனா கெணத்துல விழுந்தவனத் தூக்கிப் போட்டு நெஞ்ச அமுக்கி அமுக்கி விட்டா மூச்சு உள்ள போயிட்டு வெளிய வருதா இல்லையா? ஒங்க வண்டிச் சக்கரம் எஞ்சினோட நெஞ்ச அமுக்கிக்கிட்டே வருது. அது மூச்சு இழுக்கையில பெட்ரோலையும் சேத்துத்தான இழுக்கும்?”

சாவி நெருப்பைத்தான் அணைக்கிறது, பெட்ரோலை நிறுத்துவதில்லை. கியர் விழுந்திருக்கிற வரைக்கும் சக்கரம் எஞ்சினைச் சுற்றும். சுற்றுகிற எஞ்சின் உறிஞ்சும். உறிஞ்சினது எரியாமல் பின்னால் போய்த் தேங்கும். கியரை எடுத்துவிட்டால் எஞ்சின் நின்றுவிடும், உறிஞ்சாது. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நானே பேசிக்கொண்டு போகையில் எனக்கே விளங்கியது. அண்ணாச்சி ஊசி கொதிக்க வைக்கிற ஸ்டவ்வைக் காட்டி, இதையும் நர்சம்மாவே ரிப்பேர் பண்ணிக்கட்டும் என்று டாக்டரம்மாவிடம் முறையிட்டார். டாக்டரம்மா என்னைப் பார்த்து, அளந்து காட்ட முடியுமா என்று மட்டும் கேட்டார்.

முடியும் என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று அன்று ராத்திரி முழுக்க யோசித்தேன். காலையில் வார்டு அலமாரியைத் திறந்ததும் விடை அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. இனிமா கொடுக்கிற கண்ணாடிக் குவளை. பக்கவாட்டில் அவுன்ஸ் கோடு போட்டது, அடியில் ரப்பர் குழாய் மாட்டுகிற மூக்கு உள்ளது. காரின் டாங்கிக் குழாயைக் கழற்றிவிட்டு இந்த ரப்பர் குழாயை மாட்டினால் எஞ்சின் குவளையிலிருந்து குடிக்கும், கோட்டைப் பார்த்து அளக்கலாம். அண்ணாச்சி அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். “நர்சம்மா, இது அதுக்குள்ளதுல்ல?” என்றார். கழுவியாயிற்று என்றேன். என் காரின் வாயில் இதையா வைப்பது என்று அரைமணி நேரம் புலம்பிவிட்டுத்தான் மாட்டினார்.

ஒரே ரோடு, ஒரே பாரம், அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரை. முதல் புதன் அண்ணாச்சி பாணியில். அடுத்த புதன் என் பாணியில்: உச்சியில் கியரை எடுத்துவிட்டுச் சாவியை அணைப்பது, இறக்கம் முடிவதற்குக் கொஞ்சம் முன்னால், கார் உருண்டுகொண்டிருக்கும்போதே, சாவியைப் போட்டுக் கியரைச் சேர்த்துக் கிளப்பிக்கொள்வது. தவறவிட்டால் கார் நின்றுவிடும், வெயிலில் இறங்கி ஹாண்டில் போட வேண்டியதுதான். அண்ணாச்சிக்கு அங்கேதான் வலித்தது. நான் தோற்றால் ஒரு மாதம் நானே ஹாண்டில் போடுகிறேன் என்றேன். அவர் தோற்றால் என்ன செய்வார் என்று கேட்டதற்கு, தான் தோற்கப் போவதில்லை என்றார்.

இரண்டு புதனும் நான் முன்சீட்டில். குவளை கண்ணாடிச் சட்டத்தில் கட்டித் தொங்கியது, குலுங்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டேன். காலியாகக் காலியாகக் காரை நிறுத்தி, இன்னொரு குப்பியிலிருந்து கோடு வரை ஊற்றினேன். காரில் ஒருவரும் தீக்குச்சி எடுக்கக் கூடாது என்று டாக்டரம்மா உத்தரவு. அண்ணாச்சி பீடியில்லாமல் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓட்டினார். ஆனால் ஒன்று சொல்வேன், மனிதர் நாணயமாக ஓட்டினார். இரண்டாவது புதன் வேண்டுமென்றே சொதப்பியிருக்கலாம். செய்யவில்லை. ஓர் இடத்தில்கூட ஹாண்டில் போடவில்லை. அவ்வளவு கெட்டிக்காரத்தனம் கையில் இருந்தது, பிடிவாதம் எல்லாம் வாயில்தான்.

திருச்சுழியில் இறங்கி நான் கணக்குச் சொன்னேன். ஒரு குவளைக்கு மேல் மிச்சம். பன்னிரண்டு மைலுக்குள் அவ்வளவு. டாக்டரம்மா குப்பியை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், மனசுக்குள் பெருக்கிப் பார்த்தார். “கண்மாய்க்கரை ஏத்தத்துல நம்ம மூணு பேர்ல ரெண்டு பேர் எறங்கி நடந்தா பரளச்சிக்குக் கட்டும்” என்றார். எங்கள் ஊரில் ஏற்றம் வந்தால் வண்டியிலிருந்து இறங்கி நடப்பது பழக்கம், மாட்டுக்குச் செய்கிறதைக் காருக்கும் செய்தால் என்ன? எனக்குத் தலைகால் புரியவில்லை. பரளச்சி தப்பித்தது! அன்று காரைக் கண்டு சாவடிக்கு வந்து நான் கட்டுப்போட்டவர்கள் எல்லாம் நர்சம்மாவுக்கு என்ன கல்யாணமா என்று கேட்டார்கள்.

அண்ணாச்சி மட்டும் காரின் பின்பக்கம் போய்ச் சைலன்சரைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அன்று மீதி இரண்டு ஊர்களோடு சரி, இனிமேல் வேட்டு கிடையாது. நான் ஜெயித்த மிதப்பில் அவரைப் பார்த்து, சாமி ஊமையாப் போச்சா அண்ணாச்சி என்று கிண்டல் பண்ணினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைக் கடித்துக்கொள்வேன்.

அடுத்த புதன் சத்தமில்லாமல் போனோம். டாங்கிக் குழாயைத் திரும்ப மாட்டியாயிற்று, கார் இறக்கங்களில் எண்ணெய் போல வழுக்கிக்கொண்டு இறங்கியது. திருச்சுழியில் கூட்டம் குறைவு. பருத்தி எடுப்புக் காலம், வரமாட்டார்கள் என்று நினைத்தேன். ரெட்டியபட்டியில் அதைவிடக் குறைவு. பரளச்சிச் சாவடியில் ஓர் ஆடும், தூங்கிக்கொண்டிருந்த ஒரு கிழவரும்தான். தூணோரம் காலியாக இருந்தது.

பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். அண்ணாச்சி மேலே பார்த்துக்கொண்டு, யாருக்கோ சொல்கிற மாதிரிச் சொன்னார்.

“வேட்டுச் சத்தம் கேக்காம யாரு வருவா? கார் வந்துருக்கதே ஊருக்குத் தெரியாதுல்ல.”

பெட்ரோலை அளந்தேன், மூச்சை அளந்தேன், அந்தச் சத்தத்தை வைத்து இருநூறு பேர் நடந்தார்கள் என்பதை அளக்காமல் விட்டுவிட்டேனே! அவளுக்காகவே இவ்வளவும் செய்துவிட்டு, அவளையே வரவிடாமல் பண்ணிவிட்டேன். யாரிடமும் சொல்லாமல் எழுந்து ஓடினேன். அவள் வீடு ஊர்க்கடைசியில்.

உள்ளே இருட்டில் பாயில் கிடந்தாள். முகம் வீங்கிக் கண் இடுங்கியிருந்தது. காலையிலிருந்து மண்டையைப் பிளக்கிறது, கண்ணுக்கு முன்னால் மின்மினி பறக்கிறது என்றாள். “வேட்டுக் கேக்கலையேக்கா. இந்த வாரம் கார் வரலைன்னு படுத்துட்டேன்” என்றாள். என் மேல் ஒரு குறையும் வைக்காமல் சொன்னாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

என் பின்னாலேயே வந்த டாக்டரம்மா பட்டையைச் சுற்றிப் பார்த்தார். இந்தத் தடவை ‘ம்’ வரவில்லை. வெளியே வந்து அண்ணாச்சியையும், காட்டிலிருந்து ஓடிவந்த புருஷனையும் நிற்க வைத்துச் சொன்னார். இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஜன்னி எந்த நிமிஷமும் வரலாம், வந்தால் தாயும் பிள்ளையும் இரண்டும் போய்விடும்.

“சத்தம் கேட்டாலே இழுக்க ஆரம்பிச்சிரும். வழியில ஒரு வேட்டு, ஒரே ஒரு வேட்டு வெடிச்சாலும் இவ உயிருக்கு நான் பொறுப்பில்ல.”

அண்ணாச்சி குச்சியை விட்டு டாங்கியைப் பார்த்தார். அன்று வரை மிச்சம் பிடித்திருந்த பெட்ரோல் குப்பியில் இருந்தது, அதையும் ஊற்றினார். போதும், ஆனால் ஒரு மைல்கூட வீணாக்க முடியாது என்றார். அவள் கண்ணைத் துணியால் மூடிக் காதில் பஞ்சு வைத்துப் பின்சீட்டில் டாக்டரம்மா மடியில் படுக்க வைத்தோம். நான் முன்னால். புருஷன் படியில் தொற்றிக்கொண்டான்.

அந்தப் பயணத்தை நான் மறக்கமாட்டேன். ஏற்றம் வந்த இடமெல்லாம் நானும் அந்தப் புருஷனும் குதித்து இறங்கிப் பின்னாலிருந்து தள்ளினோம். கரிசல் புழுதி தொண்டையை அடைத்தது. உச்சி வந்ததும் ஓடிப்போய் ஏறிக்கொள்வோம். அண்ணாச்சி கியரை எடுத்துச் சாவியைத் திருப்புவார். சத்தமே இருக்காது. டயருக்கடியில் சரளை நசுங்குகிற சத்தமும் அவள் மூச்சும் மட்டும். பள்ளம் தெரிந்தால் முன்கூட்டியே ஒதுக்கி, தூளியை ஆட்டுகிற மாதிரிக் கொண்டுபோனார். செவக்காட்டு மேட்டில் அவர் கை சாவியில் இருந்ததைப் பார்த்தேன். முதலில் கியர்க் கம்பிக்குப் போக வேண்டிய கை ஒரு நொடி அங்கேயே நின்றது. வருஷக்கணக்கான பழக்கம், அப்படியே சாவியை மட்டும் திருப்பியிருந்தால் அடிவாரத்தில் டமார் என்றிருக்கும். நான் வாய் திறக்கவில்லை. திறந்தால் கத்திவிடுவேன் என்று பயம். அவராகவே உதட்டைக் கடித்துக்கொண்டு கியரை எடுத்தார். மீசை முழுக்க வேர்வை.

அருப்புக்கோட்டைக்குள் நுழைகையில் எஞ்சின் இருமத் தொடங்கியது. ஆஸ்பத்திரிக்கு முந்தின தெருமுனையில் பெட்ரோல் தீர்ந்து நின்றே போயிற்று. அங்கிருந்து வாசல் வரை சின்ன இறக்கம். அண்ணாச்சி கியரை எடுத்துவிட்டார். கார் தன்னால் உருண்டு, கேட்டுக்குள் திரும்பி, வார்டு வாசலில் போய் நின்றது. ஒரு சத்தம் இல்லை. வராந்தாவில் தூங்கின பூனைகூட எழுந்திருக்கவில்லை.

ஜன்னி வரவில்லை. இருட்டறையில் படுக்க வைத்து, மருந்து கொடுத்து, நாட்களை ஒவ்வொன்றாகத் தள்ளினோம். மாதம் நிறையாமலேதான் பிறந்தது, பெண் பிள்ளை. உள்ளங்கையில் அடங்கிவிடும். பஞ்சுக்குள் பொதிந்து, வெந்நீர்ப் பாட்டில்களைச் சுற்றி வைத்து வளர்த்தோம். முதல் பத்து நாள் அதற்கு அழக்கூடத் தெம்பில்லை, முனகும். நான் என் ட்யூட்டி முடிந்தாலும் வீட்டுக்குப் போகாமல் அதன் மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கர்த்தாவே, என் மிதப்புக்கு இதைத் தண்டித்துவிடாதே என்று ஜெபம் பண்ணினேன். வேறு யாரிடமும் சொல்லவில்லை.

புதன்கிழமைகள் நிற்கவில்லை. கெடுத்தவள் நான், சரி பண்ண வேண்டியவளும் நான்தானே. ஒவ்வோர் ஊர்க் கண்மாய்க்கரையிலும் இறங்கி, கை கழுவுகிற எனாமல் பேசினைக் கவிழ்த்துப் பிடித்து இரும்புக் கரண்டியால் தட்டினேன். கோவில் சேகண்டி மாதிரி நங்நங்கென்று காடு முழுக்கக் கேட்கும். ஜனங்கள் வந்தார்கள். பேசின் முழுக்க எனாமல் உதிர்ந்தது. அண்ணாச்சிக்கு இதைவிட ஆனந்தம் வேண்டுமா? ஸ்டியரிங்கில் சாய்ந்துகொண்டு, இன்னும் கொஞ்சம் ஓங்கி அடிங்க நர்சம்மா, பெட்ரோலா செலவாகுது என்பார். வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனால் ஒரு வாரம்கூடப் பரளச்சிக்குப் பெட்ரோல் இல்லை என்று ஆகவில்லை.

இரண்டு மாதம் கழித்து, ஒரு புதன் அன்று, தாயையும் பிள்ளையையும் காரிலேயே ஊருக்குக் கொண்டுபோனோம். பிள்ளை கன்னம் உப்பி, கைகாலை உதைத்துக்கொண்டிருந்தது. பரளச்சிக் கண்மாய்க்கரை உச்சியில் கார் நின்றது. நான் பேசினை எடுத்துக்கொண்டு இறங்கப் போனேன். டாக்டரம்மா கையமர்த்தினார்.

“இன்னிக்கு ஒண்ணு போடுங்க. நான் பெட்ரோல் தாரேன்.”

அண்ணாச்சி முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆனால் அவர் சாவியைத் தொடவில்லை. என்னைப் பார்த்து, நீங்க திருப்புங்க நர்சம்மா என்றார். அவர் கியரைப் போட்டுக் காரை விட்டார், நான் சாவியை அணைத்தேன். குப்பென்று அந்த வாடை வந்தது. அடிவாரம் வரை பொறுத்திருந்து திருப்பினேன்.

அப்படி ஒரு வேட்டு அந்த ஊர் கேட்டதில்லை. பனைமரத்துக் காக்கையெல்லாம் பறந்தது. பருத்திக் காடு முழுக்கக் குனிந்திருந்த தலைகள் நிமிர்ந்தன. மருந்து வேண்டியவர்கள், வேண்டாதவர்கள், எல்லோரும் வரப்பில் ஓடி வந்தார்கள். அந்தச் சத்தத்தில் பிள்ளை திடுக்கிட்டு வீறிட்டது பாருங்கள்! முனகிக்கொண்டிருந்த அதே பிள்ளை. காது கிழிந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன், பெருமையில்தான்.

அண்ணாச்சி ஒரு காதைக் கையால் மூடிக்கொண்டு பின்னால் திரும்பிப் பார்த்தார்.

“இனிமே வேட்டும் வேண்டாம், பேசினும் வேண்டாம் நர்சம்மா. கரைமேல நிக்கவச்சு இந்தப் புள்ளைய ஒரு கிள்ளு கிள்ளுனாப் போதும், ஊரே வந்துரும்.”

தூணோரம் அத்தனை வாரம் உட்கார்ந்திருந்தும் நான் ஒரு தடவைகூடப் பார்க்காத ஒன்றை அப்போது பார்த்தேன். அவள் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.